ஆடும் கப்பலும் அடங்கிய துறைமுகமும்

மாணவர்களே! எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் உள்ளது. கடலுக்குள் இரு கைகளை நீட்டினாற்போல் அங்கே கற்களால் ஆன அலைத்தடுப்புச் சுவர்கள் உள்ளன. வெளியே அலைகள் மோதிச் சிதறும். உள்ளே கப்பல்கள் அமைதியாக நிற்கும். ஒரே கடலில் ஏன் இந்த வேறுபாடு?

கப்பல் ஆடுவது ஏன்?

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அந்தப் பயணத் திட்டத்தில் இருந்த துறைமுகங்கள். இத்தகைய பயணங்களில் பெரும்பாலும் இரவில் கடலில் ஓட்டம்; பகலில் சில மணி நேரம் கரையில் உலா.

ஆழ்கடலில் 10 விநாடிக்கு ஒரு முறை வரும் அலையின் நீளம் சுமார் 156 மீட்டர். ஊஞ்சலைப் போலவே கப்பலுக்கும் இயற்கையான ஆட்டக் காலம் ஒன்று உண்டு. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் மீண்டும் மீண்டும் தள்ளினால் ஆட்டம் பெருகும் அல்லவா? அலைகள் வந்து தாக்கும் கால இடைவெளியும் கப்பலின் ஆட்டக் காலமும் ஒன்றானால் அதுவே நிகழ்கிறது. இதுதான் ஒத்ததிர்வு. அப்போது மாலுமி திசையையோ வேகத்தையோ மாற்றுவார்.

பல பயணிகள் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் மீன் துடுப்புப் போன்ற தகடுகள் உண்டு. விமான இறக்கையைப் போல் இவை நீரின் ஓட்டத்தால் விசை பெற்று, ஆட்டத்தை எதிர்க்கின்றன. கப்பல் நின்றுவிட்டால் சாதாரணத் துடுப்புகளால் பயன் மிகக் குறைவு.

தலை சுற்றுவது ஏன்?

அறைக்குள் இருப்பவரின் கண்கள், 'சுவர் அசையவில்லை' என்கின்றன. உள்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களோ, 'உடல் ஆடுகிறது' என்கின்றன. இரு செய்திகளும் முரண்படுவதால் குமட்டல் உண்டாகிறது. ஆட்டம் குறைவான கப்பலின் நடுப்பகுதிக்குச் சென்று தொடுவானத்தைப் பார்த்தால் ஓரளவு நலம் பெறலாம்.

கரையில் நேரம் குறைவது ஏன்?

ஒரு கணக்குப் போடுவோம். இரு துறைமுகங்களுக்கு இடையே 330 கிலோமீட்டர் என்க. மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் 10 மணி நேரம் ஆகும். கொந்தளிப்பால் வேகம் 25 ஆகக் குறைந்தால் 13 மணிக்கு மேல் ஆகிவிடும். அடுத்த துறைமுகத்திற்கும் குறித்த நேரத்தில் சேர வேண்டுமே! இழந்த 3 மணி நேரம் பயணிகளின் கரை உலாவிலிருந்தே கழிக்கப்படும்.

சுவர் செய்யும் வேலை

ஒரு காலத்தில் சென்னையில் துறைமுகமே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டன. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில், அலைகளைத் தாண்டிப் பயணிகள் கரை சேர்ந்தனர். பின்னர் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது; அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்தது.

கற்குவியலின் இடுக்குகளில் நீர் புகுந்து உராய்வதால் அலையின் ஆற்றல் அழிகிறது. வாயில் வழியே நுழையும் அலையோ விரிந்து பரவி வலுக்குறைகிறது. உள்ளே அமைதி நிலவும் இரகசியம் இதுவே.

அமைதிக்கு ஒரு விலை

சாய்வாக வந்து மோதும் அலைகள் கரையோரமாக மணலையும் நகர்த்துகின்றன. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால், நம் கரையில் வடக்கு நோக்கிச் செல்லும் மணலே அதிகம். சுவர் அதை வழிமறிக்கிறது. சென்னைத் துறைமுகத்திற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் கடல் கரையை அரித்தது. அங்கே கரையைக் காக்கக் கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. காட்டுப்பள்ளிக்கு வடக்கிலும் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருப்பது ஒடுங்கிய மணல் திட்டுதான். அங்குள்ள மீனவர் கரை அரிப்பைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை.

தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பது ஒரு வழி. அதைக் குறைந்த செலவில் இடைவிடாது செய்வது எப்படி? நாளைய பொறியாளர்களாகிய நீங்கள்தான் விடை காண வேண்டும்.