லோசான் நகர் வழங்கும் தீர்ப்பு!

“மொழி பலவானால் நீதி குழம்பும்; உச்சியிலே உள்ள மன்றத்துக்கு ஒரே மொழிதான் ஏற்றது” என்று பேசுகின்றனர், சட்டம் கற்ற சான்றோர் சிலர். அவர்களை நாம் சுவிட்சர்லாந்துக்கு அழைக்கிறோம்.

சின்னஞ்சிறு நாடு. மக்கள் தொகை ஒரு கோடியை எட்டவில்லை. மொழிகளோ நான்கு: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ். பெரும்பான்மையோர் பேசுவது ஜெர்மன். எனினும், 1875-இல் நிலையான உச்சநீதிமன்றம் கண்டபோது, அதை அமைத்தது பிரெஞ்சு பேசும் லோசான் நகரிலே!

மன்றம் நடப்பது எப்படி? கீழ்மன்றம் எந்த மொழியிலே தீர்ப்பளித்ததோ, பொதுவாக அந்த மொழியிலேதான் மேல்முறையீடும் நடக்கிறது. இத்தாலியன் பேசும் டிச்சினோ மாநிலத்து உழவனின் வழக்கு, ஆல்ப்ஸ் மலை தாண்டி வரும்போது தன் மொழியை அடிவாரத்திலே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. தீர்ப்பும் இத்தாலியனிலேயே பிறக்கிறது. நீதிபதிகளிடையே கருத்து வேற்றுமை எழுந்தால், மக்கள் முன்னிலையிலே விவாதம். ஒருவர் ஜெர்மனிலே பேசுவார், மற்றவர் பிரெஞ்சிலே மறுப்பார்! ரோமான்ஷ், நூற்றுக்கு ஒருவர்கூடப் பேசாத மொழி. அதிலே வழக்குகள் அரிது. ஆயினும் சட்டம் அதற்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

நாடு உடைந்ததா? நீதி குழம்பிற்றா? இல்லை!

இங்கோ? அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலே மொழிகள் 22. உச்சநீதிமன்றத்திலே, 348-ஆவது பிரிவின்படி, ஆங்கிலம் ஒன்றே. முன்சீப் கோர்ட்டிலே தமிழிலே முறையிட்டவன், உயர்நீதிமன்றப் படி ஏறியதும் ஊமையாகிறான். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர்நீதிமன்றங்களிலே இந்திக்கு இடமுண்டு. சென்னையிலே தமிழுக்கு இடம் கேட்டு 2006-இல் நமது சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, இசைவு கிடைக்கவில்லை.

2019 முதல் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் மொழிபெயர்க்கப்படுகின்றன. வரவேற்கிறோம். ஆனால், அது எல்லாம் முடிந்தபின் கிடைக்கும் விளக்கம். வாதம் நடக்கும்போது அவன் நிலை என்ன?

“நான்கு மொழி வேறு, இருபத்திரண்டு மொழி வேறு” என்பர். உண்மை, சுமை பெரிதுதான். அந்தச் சுமையை யார் தாங்குவது என்பதே நமது கேள்வி. ஆயிரம் கைகள் படைத்த அரசா? அரைக்காணி நிலத்துக்காக, புரியாத மொழியிலே தன் கதை பேசப்படுவதைக் கைகட்டிப் பார்த்து நிற்கும் ஏழையா?

லோசான் தீர்ப்பளித்துவிட்டது. தில்லி படிக்கட்டும்!