தங்கிச் செய்த தொண்டும் வந்துபோகும் தொண்டும்

வறிய பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யவென்று கடல் கடந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்களைக் கிழக்கிலங்கை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டிருக்கிறது. 1814இல் இலங்கையில் கரையிறங்கிய முதல் மெதடிஸ்த மிஷன் குழுவில் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து, தமிழ் கற்று, பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன்பே, 1815 ஏப்ரலில், அங்கேயே காலமானார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் இட்ட வித்து.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து இயேசு சபைக் குருமார் வந்தனர். அவர்களில் யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்து பழக்கினார். பிற்காலத்தில் இளைஞருக்கான தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்தினார். போர் மூண்டபோதும் ஊரை விட்டுப் போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வழியில் காணாமல்போனார். 1948இல் வந்த ஹரி மில்லர் அடிகளாரும் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மண்ணிலேயே கழித்தார். மதத்தில் உடன்படாதவர்களும் இவர்களை மதித்ததற்குக் காரணம் இந்த நிலைப்புத்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தொண்டின் முகம் மாறியது. பொத்துவில், அறுகம்பே தொடங்கி கல்முனை, மருதமுனை வரை கரையோரம் சிதைந்து கிடந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உலகெங்குமிருந்து தேவாலயக் குழுக்களும் பிற நிறுவனங்களும் வந்தன. பல குழுக்கள் வாரக்கணக்கில் மட்டுமே தங்கின. அவை கொண்டுவந்த உணவும் மருந்தும் உயிர் காத்தன என்பதை மறுக்க முடியாது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்பதுதான் கடினமான கேள்வி. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சுனாமி பற்றிய சிறப்புச் சட்டம் இதையும் எடுத்துக்கொண்டது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளை உறவினர் ஏற்கெனவே அணைத்துக்கொண்டிருந்தனர். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே குடிவைக்கும் வழக்கமுள்ள கரை இது. அதனால் உம்மாவை இழந்த பிள்ளைக்கு உம்மம்மாவின் வீடும் சாச்சியின் வீடும் பெரும்பாலும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கும். அந்த வீட்டு அடுப்புக்கு உதவுவது, புதிய சிறுவர் இல்லம் கட்டுவதைவிட மேலானது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. உலகெங்கும் சிறுவர் இல்லங்களில் வாழ்வோரில் ஐவரில் நால்வருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருப்பதாக 2009இல் சேவ் த சில்ட்ரன் அமைப்பு எடுத்துக்காட்டியது. பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவது பல இடங்களில் வறுமைதான். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, இரண்டு வயதுக்கு முன் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் நன்கு தேறினர் என்று காட்டியது. சில இல்லங்களில் முன்பின் தெரியாதவர் வாசலில் நின்றாலே ஐந்து வயதுப் பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். வந்தவர் அதை அன்பென்று எண்ணிப் படமெடுத்துக்கொள்வார். இரண்டு வாரத்தில் அவர் போய்விடுவார். அடுத்த குழு வரும். பழகிப் பழகிப் பிரிவதே அந்தப் பிள்ளையின் வாழ்க்கையாகிவிடும்.

பொத்துவில் போன்ற முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரில் மதமும் இதில் சேர்கிறது. நிவாரணத்தை மதக் கொள்கை பரப்பப் பயன்படுத்தக் கூடாதென்று செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் நடத்தை நெறி வகுத்தன. குடும்பத்தை இழந்த பிள்ளையின் மதம், மொழி, பண்பாடு ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத்தில் கொள்ளும்படி ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 20ஆவது உறுப்புரை கூறுகிறது. இஸ்லாமிய முறையான கஃபாலாவையும் மாற்றுப் பராமரிப்பாக அது பெயர் சொல்லி ஏற்கிறது. இலங்கை இச்சமவாயத்தை 1991இல் ஏற்றது. பசித்த பிள்ளையிடம் சோற்றோடு வேதத்தையும் நீட்டுவது, கொடுப்பவரின் நம்பிக்கைக்கே இழுக்கு.

தொண்டு செய்ய விரும்பும் வெளிநாட்டவருக்கு வேலை இல்லாமலில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கலாம். பேச்சுப் பயிற்சி, இயன்மருத்துவம் போன்ற திறன்களை உள்ளூராருக்குக் கற்றுக்கொடுக்கலாம். உள்ளூர் ஆசிரியையின் சம்பளத்துக்கு உதவலாம். வருபவரின் பொலிஸ் நற்சான்றிதழைக் கேட்டு வாங்குவதும், இல்லம் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவானதா என்று பார்ப்பதும் ஊராரின் உரிமை. எங்காவது பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாகத் தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தயங்காமல் அறிவியுங்கள்.