மாற்ற முடியாததற்கு முதலில் பணம்

பட்ஜெட் லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அன்றைக்கு யார் வீட்டு லேப்டாப்பும் அணைந்துபோகவில்லை. ஆனால், தனியாகப் பதிவு செய்துகொள்ளாவிட்டால், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப்கள் அநேகமாக இதில் தேறாது. மகள் அசைன்மென்ட் எழுதவும், அப்பா ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடவும் ஒரே லேப்டாப்பை வைத்துச் சமாளிக்கும் வீடுகளில் ‘புதுசு வாங்கிடலாமா?’ என்ற பேச்சு எழுவது இதனால்தான்.

இதே காலத்தில் விலையும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால், 2025-ன் கடைசி மாதங்களில் ராம், எஸ்.எஸ்.டி. விலைகள் கடுமையாக உயர்ந்தன. சில்லறை வாடிக்கையாளர்களுக்காகத் தான் நடத்திவந்த ‘குரூஷியல்’ வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது.

முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ சேர்த்துவைத்துக்கொண்டு கடை ஏறும் குடும்பத்துக்கு இந்த நேரத்தில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது. அதற்கு ஒரே ஒரு விதியை மனதில் வைத்தால் போதும். பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்கு இன்றைக்கே பணம் கொடுங்கள். மாற்ற முடிந்த பாகத்தைக் கையில் காசு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பழையதைத் திறந்து பார்த்தீர்களா?

‘ஆன் பண்ணினா அஞ்சு நிமிஷம் ஆகுது’ என்பதுதான் பழைய லேப்டாப் மீதான பொதுவான புகார். பல நேரங்களில் அதற்குக் காரணம் பிராசஸர் இல்லை, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின் மீது ஒரு சின்ன முள் ஓடி ஓடித் தகவலைத் தேடுகிறது. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்க வேண்டியிருப்பதால், அந்த ஓட்டத்திலேயே நேரம் போய்விடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தில் பழைய டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. அளவில் நின்றால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்.பி.யைத் தாண்டும். சின்ன ஃபைல்களில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு.

ஆகவே உங்கள் லேப்டாப் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை 8 ஜி.பி. ஆக்கி, இலவசமாக விண்டோஸ் 11-க்கு மாற்றிப் பாருங்கள். புதிதாக வாங்கும் செலவில் சிறு பகுதியில் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். அதைவிடப் பழையது என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் கைகொடுக்கும். பிரவுசர், லிப்ரே ஆஃபீஸ், தமிழ் 99 விசைப்பலகை எல்லாம் அதில் உண்டு. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு சாஃப்ட்வேரை நம்பித் தொழில் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்தது. வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால், விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்களை 2026 அக்டோபர் 13 வரை பெறும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

மதர்போர்டு போய்விட்டது, திரையின் கீல் உடைந்து பாடியே பிளந்துவிட்டது, மாற்றவே முடியாத 4 ஜி.பி. ராம் என்ற நிலை வந்தால் பழையதில் இனி காசு போடாதீர்கள். டச்பேட் மேலெழும்பி நின்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

வீட்டில் அரசுத் திட்டத்தின் பயன் கிடைக்கக்கூடிய கல்லூரி மாணவர் இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தருவதாகத் தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது.

பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

பிராசஸர், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. வாங்கிய நாள் முதல் கடைசிவரை அதோடுதான் குடித்தனம். அதனால் முதல் பணம் இதற்குத்தான்.

‘ஐ3-ஐ விட ஐ5 பெரிசு’ என்ற கணக்கு ஒரே தலைமுறைக்குள் மட்டுமே செல்லும். ஏழாம் தலைமுறையின் ஐ5-7200யூ-வில் இருப்பது இரண்டே கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் அலகு). பன்னிரண்டாம் தலைமுறையின் ஐ3-1215யூ-வில் ஆறு கோர். பெயரில் சின்னதாக இருப்பது வேலையில் வெகுதூரம் முந்துகிறது. கோடுக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கம் 11, 12, 13 என்று இருந்தால், அதுதான் தலைமுறை.

எழுத்தையும் கவனியுங்கள். ஐ3-என்305 என்பதில் எட்டு கோர் உண்டு, ஆனால் எட்டும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சின்ன கோர்கள். என்100-ல் அதே வகையில் நான்கு. பில் போடவும், பாடம் கேட்கவும், மெயில் பார்க்கவும் இவை போதும். நான்கு வருட இன்ஜினீயரிங் படிப்பை இதை நம்பித் தொடங்குவது சிரமம். செலரான், பென்டியம் என்ற பழைய பெயர்களை லேப்டாப்பில் 2023 முதல் எடுத்துவிட்டு, வெறுமனே ‘இன்டெல் பிராசஸர்’ என்று போடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏ.எம்.டி.யில் பொறி இன்னும் நுட்பமானது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். இந்த வரிசையில் முன்னால் நிற்கும் 7, சந்தைக்கு வந்த ஆண்டை மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520யூ-வில் இருப்பது 2019-ல் அறிமுகமான ஜென் 2, நான்கு கோர். 7530யூ-வில் ஜென் 3, ஆறு கோர். ‘ரைசன் 5’ என்ற ஸ்டிக்கர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

ராம்: கேட்க வேண்டிய ஒரே கேள்வி

8 ஜி.பி.க்குக் குறைந்து இன்று எதையும் வாங்க வேண்டாம். ஆனால் எத்தனை ஜி.பி. என்பதற்கு முன் கேட்க வேண்டியது, ‘ராம் ஸ்லாட் காலியா இருக்கா?’ என்பதுதான். சில மாடல்களில் ராம் முழுவதும் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன 7520யூ-வும் அதன் தம்பி 7320யூ-வும் அப்படிப்பட்ட ராமோடு மட்டுமே வருகின்றன. அதில் 8 ஜி.பி. வாங்கினால் ஆயுள் முழுக்க 8 ஜி.பி.தான்.

ஸ்லாட் காலியாக உள்ள மாடல் என்றால் இன்று 8 ஜி.பி.யோடு வாங்கிவிட்டு, ராம் விலை இறங்கும்போது இன்னொரு 8 சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும்போது இன்னொரு லாபமும் உண்டு. பட்ஜெட் லேப்டாப்களில் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். ஒற்றை ராமோடு ஓடுவது, இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை மட்டும் பூட்டியதைப் போல. இரண்டாவது ராம் வந்தால் தகவல் போகும் பாதை இரட்டிப்பாகும், கிராஃபிக்ஸ் வேகம் கண்ணுக்குத் தெரிந்தே கூடும். ஸ்லாட்டே இல்லாத மாடலென்றால் 16 ஜி.பி. வாங்குங்கள். கட்டுப்படியாகாவிட்டால் வேறு மாடலைப் பாருங்கள்.

ஸ்டோரேஜில் இவ்வளவு கவலை வேண்டாம். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தொடங்குவதற்குப் போதும், கழற்றி மாற்றக்கூடிய எம்.2 ஸ்லாட்டில் இருந்தால் பின்னால் பெரிதாக்கலாம். மிக மலிவான மாடல்களில் 64 ஜி.பி. ‘இ.எம்.எம்.சி.’ வரும். வேகம் குறைவு, போர்டில் பற்றவைத்தது, விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாது. அதைத் தொடவே வேண்டாம்.

கண்ணுக்கும் விரலுக்கும்

விளம்பரத்தில் குறைவாகப் பேசப்பட்டு, அன்றாடத்தில் அதிகமாகப் பயன்படும் பாகம் திரை. செலவைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் கைவைப்பதும் இதில்தான். 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில், சின்ன எழுத்துத் தமிழைப் படித்துப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளியும், ‘ணை’ போன்ற எழுத்தின் சுழிகளும் கலங்கித் தெரியும். இரவெல்லாம் பி.டி.எஃப். படித்துப் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவருக்கு இது தினசரிக் கண்வலி. 1920-க்கு 1080 என்பதைக் கட்டாயமாக்குங்கள்.

அடுத்து, பேனல் ஐ.பி.எஸ். வகையா என்று கேளுங்கள். டி.என். வகையென்றால் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் வெளிறிவிடும். வெளிச்சத்தை ‘நிட்ஸ்’ என்று அளக்கிறார்கள். இந்த விலையில் 250 நிட்ஸ் பரவலாகக் கிடைக்கும், வீட்டுக்குள் அது போதும். ஜன்னலோரமோ திண்ணையிலோ உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் 300-க்குப் போனால் நல்லது. கடையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். அப்படியே நாலு வரி டைப் செய்து, கீபோர்டின் நடுப்பகுதி அமுங்குகிறதா என்றும் பாருங்கள். ஒரு கையால் மூடியைத் திறந்தால் கீல் எப்படி என்று தெரிந்துவிடும்.

பேட்டரியை ‘பத்து மணி நேரம் வரும்’ என்று சொல்லி விற்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய அளவு வாட்-ஹவர். 40-ஐச் சுற்றி இருந்தால் ஏற்கலாம், 50 இருந்தால் நிம்மதி. லித்தியம் அயான் பேட்டரிக்கு வெப்பம்தான் பெரிய எதிரி. மெத்தை மேல் வைத்துக் காற்றுத் துளையை அடைக்காதீர்கள். எப்போதும் சார்ஜரில் வைத்தே வேலை செய்கிறவர்கள், 80 சதவிகிதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிடுங்கள். பேட்டரி மாற்றக்கூடிய பாகம் என்பதால், உங்கள் ஊருக்கு அருகில் அந்த பிராண்டுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று விசாரிப்பது மேல்.

அலுவலகத்திலிருந்து வந்தவை

சென்னை ரிச்சி தெருவிலும் பல ஊர்களின் கம்ப்யூட்டர் கடைகளிலும் ‘ரீஃபர்பிஷ்டு’ லேப்டாப்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் பல, நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்தவை. லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், ஹெச்.பி.யின் எலைட்புக் போன்றவை புதிதாக இருந்தபோது பட்ஜெட் விலைக்கு எட்டாதவை. கீபோர்டு, கீல், பாடி எல்லாம் உழைப்பதற்கென்றே செய்தவை. 2018-ல் வந்த திங்க்பேட் டி480-ல் இரண்டு ராம் ஸ்லாட் உண்டு. பின்பக்க பேட்டரியை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே கழற்றலாம். ஆனால், அதன் எட்டாம் தலைமுறை விண்டோஸ் 11-க்குக் கடைசிப் படி. கூடுமானவரை பத்து, பதினொன்றாம் தலைமுறையைத் தேடுங்கள். அதே விலைக்குக் கிடைக்கும் அடிமட்டப் புது லேப்டாப்பைவிட, நல்ல நிலையில் உள்ள இந்த வகை பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும் முன் சில சோதனைகள் அவசியம். விண்டோஸே ஒரு பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தரும். அதில், புதிதாக இருந்தபோதைய கொள்ளளவையும் இப்போது நிறையும் அளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஆன் செய்ததுமே பயாஸ் பாஸ்வேர்டு கேட்டாலோ, புதிதாக செட்டப் செய்யும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டாலோ, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். எல்லா போர்ட்டிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். வாரன்ட்டி வாய்ப்பேச்சில் இருக்கக் கூடாது. சீரியல் எண்ணோடு ஜி.எஸ்.டி. பில்லில் எழுதி வாங்குங்கள்.

பில் போடும் நேரத்தில்

‘ஏ.ஐ. லேப்டாப்’ என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் ‘கோபைலட் பிளஸ்’ தகுதிக்கே 16 ஜி.பி. ராமும், நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனிப் பகுதி கொண்ட பிராசஸரும் வேண்டும். சாட்பாட்டிடம் கேள்வி கேட்க எந்த பிரவுசரும் போதும். கூடவே வரும் ஆஃபீஸ், ஒரு வருடச் சந்தாவா அல்லது ஆயுளுக்குமா என்று கேளுங்கள். விண்டோஸ் இல்லாத ‘டாஸ்’ மாடல் மலிவாகத் தெரியும், ஆனால் ‘திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன்’ என்பதற்குத் தலையாட்டினால் உங்கள் வங்கி பாஸ்வேர்டை யாருக்கோ திறந்துவிடுகிறீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, கீழே விழுவதையும் தண்ணீர் கொட்டுவதையும் சேர்த்துக் காக்கும் கூடுதல் வாரன்ட்டி நல்ல செலவு.

பழைய லேப்டாப்பைக் கொடுக்கும் முன் தகவல்களைக் காப்பி எடுத்துவிட்டு முழுவதுமாக அழித்துவிடுங்கள். ஓடும் நிலையில் இருந்தால் லினக்ஸ் போட்டுத் தெரிந்த மாணவருக்குக் கொடுக்கலாம். ஓடாததை எடைக்குப் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. அந்த பிராண்டிடமோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேர்ப்பதுதான் முறை.

பிரான்ஸில் 2021 ஜனவரி முதல், ஒரு லேப்டாப்பைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும் என்பது சட்டம். இங்கே பெட்டி மேல் ‘ரைசன் 5’ பெரிதாக இருக்கிறது. ராம் பற்றவைத்ததா, திரை எத்தனை நிட்ஸ், பேட்டரி எத்தனை வாட்-ஹவர் என்ற மூன்றையும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வாங்கும் பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இந்த மூன்று விவரங்களையும் பெட்டி மேல் கட்டாயமாக அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை இந்த மூன்றையும் கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் உங்கள் நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.