புகையிரதக் கடவையும் சாரதியின் அவசரமும்

2005 ஏப்ரல் 27ஆம் திகதி, பொல்காவலைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரைக் கடவையில், விரைந்து வந்த புகையிரதத்தின் முன் பயணிகள் நிறைந்த பஸ் ஒன்று புகுந்தது. 35 பேருக்கு மேல் மாண்டனர். அந்த பஸ் இன்னொரு பஸ்ஸோடு போட்டியிட்டு ஓடியதென அன்றைய செய்திகள் கூறின. இத்தகைய விபத்து நிகழுந்தோறும் சாரதியின் கவனயீனமே காரணம் என்ற தீர்ப்பு உடனடியாகவே வந்துவிடுகிறது. இலக்கிய மாணவராகிய எமக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என வினவப்படலாம். ஒரு சொல் எதனைச் சொல்கிறது, எதனை மறைக்கிறது என்று பார்ப்பது எமது வேலைதான். 'கவனயீனம்' அத்தகையதொரு சொல்.

முதலிற் புலனுணர்வை நோக்குவோம். பேருருவங்கள், அதே வேகத்திற் செல்லும் சிற்றுருவங்களைக் காட்டிலும் மெதுவாக நகர்வனவாகவே கண்ணுக்குத் தோன்றுகின்றன. அமெரிக்க உளவியலாளர் லைபோவிட்ஸ் 1985இல் இதனைப் புகையிரதக் கடவைகளோடு தொடர்புபடுத்தி விளக்கினார். நேரே நம்மை நோக்கி வரும் பொருளின் உருவம் கண்ணில் நெடுநேரம் பெருக்காது நின்று, கடைசிக் கணங்களிலேயே திடீரெனப் பெருக்கின்றது. எனவே 'கடந்துவிடலாம்' என்னும் சாரதியின் கணிப்பு, கவனித்துப் பார்த்த பின்னரும் பிழைக்கக்கூடும். மறுபுறம், உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லோடு ஓடும் புகையிரதம், தடையை அழுத்திய பின்னரும் பலநூறு மீற்றர் ஓடியே நிற்கும். விலகவும் அதற்கு வழியில்லை.

எனினும் கண்ணின் மயக்கம் எல்லாச் சாரதிகளுக்கும் பொதுவானது. அவசரம் அவ்வாறன்று. 1958இல் அரசுடைமையாக்கப்பட்ட பஸ் சேவையில் சாரதி மாதச் சம்பளம் பெறும் ஊழியன். கடவையில் ஐந்து நிமிடம் காத்து நின்றால் அவனது கூலி குறைவதில்லை. திறந்த பொருளாதாரத்தின் வரவோடு 1979இலிருந்து தனியார் பஸ்கள் அனுமதிக்கப்பட்டபோது இந்நிலை மாறியது. உரிமையாளருக்கு நாள்தோறும் ஒரு தொகையை ஒப்படைத்து, எரிபொருட் செலவு போக எஞ்சியதிலேயே சாரதியும் நடத்துநரும் தம் கூலியைக் காணும் முறை பெருவழக்காயிற்று. பின்னால் வரும் பஸ் முந்திச் சென்றால் அடுத்த தரிப்பிடத்துப் பயணிகள் அதற்கே உரியர். இங்கு கடவையின் சிவப்பு விளக்கு சாரதிக்கு உணர்த்துவது ஆபத்தை மட்டுமன்று, வருமான இழப்பையுந்தான். இதனாற் சாரதி குற்றமற்றவனாகிறான் என்பது எமது வாதமன்று. பஸ்ஸில் இருந்தோர் போட்டியில் இறங்கச் சம்மதித்தவர்களல்லர். ஆனால் அவனைச் சிறையிலிட்ட பின்னரும் அந்தக் கூலிமுறை மறுநாட் காலை வேறொரு சாரதியை அதே ஆசனத்தில் அமர்த்துகிறது.

இவ்வாதம் புதியதன்று. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாந் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், இலண்டனில் மரண விசாரணை யூரர் முன் நின்ற மூன்று புகையிரத ஊழியரை மார்க்ஸ் காட்டுகிறார். அங்கும் ஊழியரின் கவனயீனமே காரணமெனப்பட்டது. முன்னர் எட்டு மணிநேரமாயிருந்த தமது வேலை பதினான்கு, பதினெட்டு, இருபது மணியாக நீண்டதென அவர்கள் ஒரே குரலிற் கூறினர்.

வடபகுதியில் இப்பிரச்சினை வேறொரு வடிவம் கொண்டது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்குப் புகையிரதம் மீண்டபோது, கடவையில் நின்று இருபுறமும் பார்க்கும் பழக்கமே அறியாத ஒரு தலைமுறை அங்கு வளர்ந்திருந்தது. நாளிற் சில தடவைகளே புகையிரதம் ஓடும் பாதையில், 'இப்போது வராது' என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் மெய்யாகவே இருந்துவிடுகிறது. ஒரு நாள் பொய்க்கும்வரை. பாதுகாப்பற்ற பல கடவைகளிற் பொலிஸ் திணைக்களத்தின் மூலம் தற்காலிகக் காப்பாளர்கள் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கு வழங்கப்பட்டது நாளொன்றுக்கு 250 ரூபா. நிரந்தர நியமனம் கோரி அவர்கள் பலமுறை பணிப்பகிஷ்கரிப்புச் செய்தனர். அந்நாட்களிற் சாரதிகள் தம் கண்களை மட்டுமே நம்பிக் கடவையைக் கடந்தனர்.