தாமிர அரசன் மாளிகை

பெருமாளிகை ஒன்று தன்னை எழுப்பியவன் செல்வத்தைத் தானே எடுத்துரைக்கும். அச்செல்வம் வந்த வழியையோ காண்போர்தாம் வினவி அறிதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொன்டானா மாகாணத்தில், பியூட் என்னும் பழைய சுரங்க நகரிலுள்ள ‘தாமிர அரசன் மாளிகை’ இதற்குத் தக்க சான்றாகும்.

ராக்கி மலைகளிடையே அமைந்த இந்நகர் முதலில் பொன்னாலும் வெள்ளியாலும் பெயர் பெற்றது. 1880-ஆம் ஆண்டையொட்டி மின்விளக்குப் பரவத் தொடங்கவே, மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தாமிரக் கம்பிக்கு எங்கும் தேவை மிகுந்தது. பியூட் குன்றின் அடியில் தாமிரம் மலிந்து கிடந்தது. அதனாற் பெருநிதி திரட்டியவருள் ஒருவர் வில்லியம் ஆண்ட்ரூஸ் கிளார்க். 1839-இல் பென்சில்வேனியாவிற் பிறந்த இவர், 1863-இல் பொன் தேடி மொன்டானாவுக்கு வந்து, வணிகத்தாலும் பாங்குத் தொழிலாலும் சுரங்கங்களாலும் உயர்ந்தார். 1884 முதல் 1888 வரை இம்மாளிகையைக் கட்டுவித்தார்.

விக்டோரியா மகாராணியார் காலத்துப் பாணியில் செங்கல்லால் எழுந்த இம்மனையில் 34 அறைகள் உள்ளன. செதுக்கு வேலை செறிந்த மரப்படிகளும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும், ஓவியம் தீட்டிய மேற்கூரைகளும், மேல்மாடத்து நடன மண்டபமும் காண்போர் கண்ணைக் கவர்வன. ஆயினும் கூர்ந்து நோக்கத்தக்கவை விளக்குகளே. வாயுவாலும் எரியும்; மின்சாரத்தாலும் எரியும். புதிய மின்னொளியை மக்கள் முழுதும் நம்பாத காலத்தின் அடையாளம் அவை. அவ்வொளிக்கு வேண்டிய உலோகத்தை விற்றவர் வீட்டிலேயே இவ்விருவகை ஏற்பாடு இருந்தது!

மாளிகைக்கு ஏறத்தாழ 2,60,000 டாலர் செலவாயிற்று என்பர். அந்நாளிற் பியூட் சுரங்கத் தொழிலாளியின் நாட்கூலி மூன்றரை டாலர். அவன் ஒரு நாளும் ஓயாது உழைத்து, ஒரு காசும் உண்ணாது சேர்த்தாலும், அத்தொகையை எய்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

1917 ஜூன் 8 அன்று இந்நகரின் வேறொரு கம்பெனிச் சுரங்கத்தினுள் கனத்த மின்கம்பி வடம் ஒன்றை இறக்குகையில் அது நழுவி வீழ்ந்தது. அதனைச் சுற்றியிருந்த எண்ணெய் தோய்ந்த உறையில் ஒருவரது கைவிளக்கின் சுடர் பட்டுத் தீ மூண்டது. 168 பேர் மாண்டனர். அச்சுரங்கம் கிளார்க்குடையதன்று, எனினும் மாடியில் ஒளி தந்ததும் பாதாளத்தில் உயிர் கொண்டதும் ஒரே தொழிலின் இரு முகங்களே.

கிளார்க் பின்னர் நியூயார்க்கில் 121 அறைகள் கொண்ட மற்றொரு மாளிகை எழுப்பினார். அவர் 1925-இல் இறக்க, 1927-இல் அஃது இடிக்கப்பட்டது. பியூட் மனையோ கைமாறி, ஒரு காலத்திற் கன்னியர் மடமாகவும் விளங்கி, 1953-க்குப் பின் அக்காலத்துப் பொருள்கள் தேடிச் சேர்க்கப்பெற்றுப் புதுப்பொலிவு எய்திப் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது.

அதே நகரில் 1955-இல் தோண்டத் தொடங்கிய பெர்க்லி என்னும் பெருங்குழி, 1982-இல் வேலை நின்றபின், அமிலமும் உலோகமும் கலந்த நச்சுநீர் ஏரியாய்க் கிடக்கின்றது. மாளிகையைக் காணச் செல்வோர் அக்குழியையும் கண்டு மீள்வாராக. இரண்டும் சேர்ந்தே ஒரு வரலாறு.