பாதியில் எழுந்து வரும் குழந்தை

கோபர்கைரனேயில் எங்கள் சந்துக்குப் பக்கத்தில் பொதுக் கக்கூஸ் இருக்கிறது. காலையில் நீண்ட வரிசை நிற்கும். உள்ளே ஆறு வயதுச் சிறுமி இருப்பாள். வெளியே நிற்பவர் கதவைத் தட்டுவார். பயந்துபோய் அவள் பாதியில் எழுந்து வந்துவிடுவாள். மீதிச் சிறுநீர் உள்ளேயே நின்றுவிடும்.

"இதில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நம் முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. அவை இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. கழிவு நீர் இரண்டு குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி, ஒரு பையில் சேருகிறது. ஆறு வயதுக் குழந்தையின் பையில் சுமார் 240 மில்லி கொள்ளும். ஒரு டம்ளர் அளவுதான்.

நாம் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மைப் பாருங்கள். அடியில் தங்கிய தண்ணீரைக் கொட்டாமல் விட்டால் வழவழவென்று ஆகிவிடும். இந்தப் பையும் அப்படித்தான். சிறுநீர் முழுவதும் போனால் கிருமியும் அதோடு போகும். மீதி தங்கினால் கிருமி அதில் பெருகும். பெரும்பாலும் இது மலத்தில் உள்ள கிருமி. பெண் குழந்தைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டை. அதனால் கிருமி எளிதில் ஏறிவிடும்.

சிறுநீர் போகும்போது குழந்தை அழும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போகும். அடிவயிறு வலிக்கும். படுக்கையை நனைக்காத குழந்தை மறுபடி நனைக்கும். நாமோ "உடம்புச் சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுகிறோம். எண்ணெய் கிருமியைக் கொல்லாது. சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் வந்தால், "சிறுநீரைச் சோதிக்க வேண்டுமா, டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கிருமி சிறுநீரகம் வரை ஏறினால் அங்கே தழும்பு விழலாம். பின்னாளில் இரத்தக் கொதிப்பும் வரலாம்.

மாத்திரை தந்தால் சொன்ன நாள்வரை கொடுங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதென்று நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் நாறுகிறது என்று மாலைவரை அடக்கும் பிள்ளைகள் உண்டு. அடக்கி அடக்கி, பை சரியாகச் சுருங்காமல் போய்விடும். மலச்சிக்கலும் பையை அழுத்தும். ஆகவே தண்ணீரும் கீரையும் பழமும் கொடுங்கள். இரண்டு மூன்று மணிக்கொரு முறை போகச் சொல்லுங்கள். ஜட்டியை முழுவதும் இறக்கி, பாதம் தரையில் பதிய உட்காரட்டும். முடிந்ததும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை முயலட்டும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவிவிடுங்கள்.

காலையில் கதவுக்கு வெளியே நீங்களே நில்லுங்கள். யாராவது தட்ட வந்தால், "குழந்தை இருக்கிறது, இரண்டு நிமிஷம்" என்று சொல்லுங்கள்.