மெக்ஸிகோ பட்டணத்தில் நான்கு மாதம்

மிளகாய் இல்லாத குழம்பை நம் வீடுகளில் யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்த மிளகாய் நம் நாட்டுச் சரக்கு அன்று. மெக்ஸிகோவும் அதைச் சூழ்ந்த பிரதேசங்களுமே அதன் தாயகம். போர்த்துகீசியரின் கப்பல்களில் அது நம்மிடம் வந்து சேர்ந்து ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் ஆகிறது. ஆகவே மெக்ஸிகோ தேசத்தின் தலைநகரில் குடியேறும் தமிழன், பழைய கடன்காரன் என்ற ஹோதாவில்தான் அங்கே போய் இறங்க வேண்டும்.

என் மனைவிக்கு இந்நகரில் உத்தியோகம் கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் விடுப்புப் பெற்றுக்கொண்டு உடன் வந்தேன். வந்து நான்கு மாதம் ஆகிறது. தொண்ணூறு லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் நகரத்தை அறிவதற்கு இது போதாதுதான். இருந்தாலும் முதற் பார்வையில் மனத்தில் பதிந்தவற்றை அவை மங்குவதற்குள் எழுதி வைப்பது நல்லதல்லவா?

நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நமது உதகமண்டலத்தின் உயரம். முதல் வாரத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதைவிட ஆச்சரியம், இவ்வளவு உயரத்தில் உள்ள இப்பட்டணம் ஓர் ஏரிப் படுகையின்மேல் நிற்பதுதான். 1325-ஆம் ஆண்டு என்று கொள்ளப்படும் காலத்தில் மெஷிகா என்னும் மக்கள் ஏரியின் நடுவே ஒரு தீவில் தெனோச்தித்லான் நகரத்தை அமைத்தார்கள். 1521-இல் ஸ்பானியர் அதை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள், கோயில்களை இடித்தார்கள், அந்தக் கற்களைக் கொண்டே தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். பிறகு ஏரியையும் வற்றச் செய்தார்கள்.

ஏரி போயிற்றே தவிரச் சேறு போகவில்லை. பூமிக்கடியிலிருந்து தண்ணீரை இறைக்க இறைக்க நகரம் தாழ்ந்துகொண்டே வருகிறது. 1910-இல் எழுப்பிய சுதந்திர ஸ்தம்பம் ஆழமான அஸ்திவாரத்தின்மீது அசையாமல் நிற்கிறது. சுற்றியுள்ள தரை இறங்கிவிட்டபடியால், ஸ்தம்பத்தை அடையப் புதிதாகப் பதினான்கு படிகள் கட்ட வேண்டியதாயிற்று!

புதைந்தவை சில சமயம் மேலே வருவதும் உண்டு. 1978-இல் மின்சாரத் தொழிலாளிகள் பிரதான தேவாலயத்துக்கு அருகே பள்ளம் தோண்டியபோது, தேவி உருவம் செதுக்கிய பிரம்மாண்டமான வட்டக்கல் ஒன்று தட்டுப்பட்டது. அதைத் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சியில் பழைய பெருங்கோயிலின் அடித்தளமே வெளிப்பட்டது. இன்று அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம்.

பாஷை தெரியாத ஊரில் கண்ணைவிடக் காதுதான் முதலில் பழகுகிறது. தெருவில் புல்லாங்குழல் போன்ற ஓசை கேட்டால் கத்தி சாணை பிடிப்பவன் வருகிறான். மாலையில் ரெயில் எஞ்சின் போல் நீளமாக ஊதினால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டி வருகிறது. மணியடித்தால் குப்பை வண்டி. பழைய மெத்தையும் இரும்பும் விலைக்குக் கேட்டு ஒரு சிறுமியின் குரல் ஒலிபெருக்கியில் வீதி வீதியாகச் சுற்றுகிறது. இவற்றைக் கேட்ட பிறகுதான் மனிதர்களுடைய பேச்சு காதில் ஏறத் தொடங்கியது. உணவுச்சாலையில் சாப்பிட்டு எழுந்து போகிறவர், முன்பின் அறியாத அடுத்த மேஜைக்காரர்களைப் பார்த்து, "புவென் ப்ரொவேச்சோ" என்கிறார். 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்று கருத்து. இந்த உபசாரத்தைக் கேட்ட நாளில் ஊர் எனக்குப் பாதி அந்நியம் நீங்கியது.

எங்கும் ஸ்பானிஷ்தான். கடைப் பலகையிலும் பத்திரிகையிலும் குழந்தைகளின் சண்டையிலும் அதுதான். ஆனால் சமையலறைக்குள் புகுந்தால் வென்றவன் தோற்றுப் போகிறான். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்து ரொட்டி தட்டுகிறார்கள். அப்படி வேகவைத்த சோளத்துக்கு 'நிஷ்தமால்' என்று பெயர். அதை அரைக்கும் மூன்று கால் அம்மி, 'மெத்தாத்தே'. ரொட்டி சுடும் கல், 'கொமால்'. இவையெல்லாம் மெஷிகா மக்களின் நாவாட்ல் மொழியிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் 'சில்லி' என்றும் 'டொமாட்டோ' என்றும் சொல்கிறோமே, அவற்றின் வேரும் அதே மொழிதான். நம் புளியும் இங்கே குடியேறியிருக்கிறது. அதைச் சர்பத்தாக்கிக் குடிக்கிறார்கள்!

வாரச் சந்தைக்கு 'தியாங்கிஸ்' என்று பெயர். இதுவும் நாவாட்ல் சொல்லின் வழி வந்தது. எங்கள் பேட்டைச் சந்தையில் ஒரு ஸ்திரீ முள் சீவிய சப்பாத்திக்கள்ளியைக் கறிகாயாக விற்கிறாள். ஊர், நகரத்தின் தென்கோடியில் உள்ள மில்பா ஆல்த்தா. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயாருடன் அவள் பேசுவது நாவாட்ல். பத்து வயது மகளுடன் பேசுவது ஸ்பானிஷ் மட்டுமே. சில வாரம் கவனித்துவிட்டு, என் அரைகுறை ஸ்பானிஷில் காரணம் கேட்டேன். "பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், ஐயா. என் பெண்ணைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு இதைவிடச் சுருக்கென்று தைக்கும் பதில் வேறு உண்டா?

மெக்ஸிகோ 1821-இல் சுதந்திரம் அடைந்தது. அப்போது ஜனங்களில் பெரும்பாலோர் மண்ணின் மொழிகளைப் பேசியவர்கள். 2020-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி அத்தகையவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். அந்நியன் ஆண்ட முந்நூறு வருஷத்தில் பிழைத்திருந்த மொழிகள், சொந்த ஆட்சியில் அல்லவா இப்படித் தேய்ந்தன! காரணம் துவேஷம் மட்டும் என்று சொல்ல முடியாது. புரட்சிக்குப் பின் 1921-இல் கல்வி இலாகாவை ஏற்படுத்திக் கிராமந்தோறும் பள்ளிகளைக் கொண்டு சென்றார்கள். இலாகாவின் மாளிகைச் சுவர்களில் டீகோ ரிவேரா என்ற பெரிய சித்திரக்காரர் உழவர்களையும் தொழிலாளிகளையும் கம்பீரமாகத் தீட்டினார். சுவரில் குடியானவனுக்குக் கௌரவம் கிடைத்தது. வகுப்பறையில் அவன் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. ஒரே தேசத்துக்கு ஒரே பாஷை என்று நல்லெண்ணத்தோடுதான் உபாத்தியாயர்கள் ஸ்பானிஷை மட்டும் போதித்தார்கள்.

2003-இல் சட்டம் வந்தது. மண்ணின் மொழிகளும் ஸ்பானிஷைப் போலவே தேசிய மொழிகள் என்று அது கூறுகிறது. அவை 68 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாவாட்ல் பேசுவோர் மட்டும் இன்னும் பதினாறு லக்ஷத்துக்கு மேல். ஆனால் சட்டம் பள்ளிக்கூடத்தின் வாசல்வரை வரலாம். பிள்ளைகளின் ஏளனச் சிரிப்பை அதனால் நிறுத்த முடியுமா?

இந்நகரில் நம் மகாத்மாவின் பெயரால் 'காந்தி' என்ற பிரசித்தமான புத்தகக் கடை 1971 முதல் நடந்து வருகிறது. பெயருக்காகவே அங்கே நுழைந்தேன். நாவாட்ல் பாலபாடம் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கிக்கொண்டு போய்ச் சந்தைச் சிறுமியிடம் கொடுத்தேன். மறுவாரம் போனபோது அவள் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியாத பாட்டி அருகில் இருந்து, "அப்படியல்ல, இப்படி" என்று உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. கள்ளியை நிறுத்துப் பையில் போட்டவள், இரண்டு மடல் அதிகமாகவே போட்டாள்.

ஒரு பாஷை அரசாங்கத்தின் ஆதரவால் வளரலாம். ஆனால் அது உயிர் வாழ்வது, தாய் தன் குழந்தையிடம் அதைப் பேசக் கூச்சப்படாமல் இருக்கும் வரையில்தான். அந்தக் கூச்சத்தை உண்டாக்கும் இடமும் போக்கும் இடமும் பள்ளிக்கூடமே. விடுப்பு முடிந்து ஊர் திரும்பும்போது நான் இங்கிருந்து கொண்டு போகும் சாமான்களில் இந்த ஒன்றுக்குத்தான் சுங்கவரி கிடையாது.